பி.டி. சாரின் ஸ்கோர்போர்டு

கூடைப்பந்து பிறந்த கல்லூரியிலிருந்து இரண்டு பாதைகள் கிளம்பின. ஒன்று, கோடிகளில் சம்பளம் வாங்கும் அமெரிக்கக் கோச்சுகளிடம் போய்ச் சேர்ந்தது. இன்னொன்று நந்தனம் வழியாகத் தாமிரபரணிக் கரைக்கு வந்தது.

கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவருக்கே அந்த ஆட்டத்தில் வெற்றியைவிடத் தோல்விதான் அதிகம். ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1898 முதல் 1907 வரை அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழக அணியைப் பழக்கிய அத்தனை கோச்சுகளிலும் கணக்கு இப்படிக் கவிழ்ந்தது அவர் ஒருவருக்குத்தான். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மாணவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கத்தான் அவர் அங்கே வேலைக்குப் போயிருந்தார். ஜெயிப்பது அவருடைய வேலைப் பட்டியலிலேயே இல்லை.

இன்று அதே நாட்டில் பல மாகாணங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் கவர்னர் இல்லை. அரசுப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துக் கோச்சோ, அமெரிக்கக் கால்பந்துக் கோச்சோதான். ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர். ஜெயிக்காவிட்டால் சீட்டுக் கிழியும்.

இங்கே தாமிரபரணிக் கரையில், கல்லிடைக்குறிச்சிப் பிள்ளைகள் ப்ளஸ் டூ முடித்ததும் ஆற்றைத் தாண்டி அம்பாசமுத்திரத்தில் அம்பை கலைக் கல்லூரிக்குப் போகிறார்கள். பஸ் ஏறினால் பாபநாசம் திருவள்ளுவர் கல்லூரி. செங்கோட்டை ரயிலில் மேற்கே போனால் ஆழ்வார்குறிச்சி ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி. கிழக்கே போனால் பாளையங்கோட்டையில் சேவியர், ஜான்ஸ். தமிழ்நாட்டின் மாவட்டக் கல்லூரிகளில் பெரும்பாலும் ‘கூடைப்பந்துக் கோச்’ என்று தனியாக ஒரு பதவி கிடையாது. அந்த வேலை உடற்கல்வி இயக்குநரின் தலையில்தான். கபடி, வாலிபால், கிரிக்கெட், தடகளம், செஸ், ஆண்டு விளையாட்டு விழா எல்லாமும் அவர் தலையில்தான். மாணவர்களுக்கு அவர் பி.டி. சார்.

அமெரிக்கக் கோச்சும் நம் பி.டி. சாரும் ஒரே வேரில் கிளைத்தவர்கள். அந்த வேரைத் தேடிப் போனால், நம் கல்லூரிக் கூடைப்பந்து எங்கே முட்டி நிற்கிறது என்பதும் புலப்படும்.

14 நாள் கெடு

1891 குளிர்காலம். மாசசூசெட்ஸ் மாகாணம், ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரி. வெளியே பனி. உள்ளே ஜிம்னாசியத்தில் 18 பேர் கொண்ட ஒரு முரட்டு வகுப்பு. தண்டால், பஸ்கி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கூரைக்கு அடியில் ஆடக்கூடிய ஒரு புது ஆட்டத்தை 14 நாளில் உண்டாக்கிக் கொடு என்று நெய்ஸ்மித்திடம் சொன்னார் துறைத் தலைவர் லூதர் குலிக்.

நெய்ஸ்மித் 13 விதிகளை எழுதினார். கல்லூரிக் கட்டடப் பராமரிப்பாளரிடம் பெட்டி கேட்டார். அவர் கொண்டுவந்தது பீச் பழக் கூடைகள் இரண்டு. மாடத்தின் கைப்பிடிச் சுவரில், 10 அடி உயரத்தில் அவற்றை ஆணியடித்து மாட்டினார்கள். ரிங்கின் உயரம் இன்றும் அதே 10 அடிதான், அதாவது 3.05 மீட்டர். டிசம்பர் 21 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை. கூடைக்கு அடி இருந்ததால் பந்தை ஏணி வைத்து எடுத்தார்கள்.

அந்த 18 பேரில் ஒருவர் டங்கன் பேட்டன். 1894-ல் இந்தியாவுக்குக் கூடைப்பந்தைக் கொண்டுவந்தவர் அவர்தான் என்று கூடைப்பந்து வரலாறு சொல்கிறது. பந்து மூன்றே ஆண்டில் கடல் தாண்டிவிட்டது. அதைச் சொல்லிக்கொடுக்கும் ஆள் வந்து சேர மேலும் கால் நூற்றாண்டு பிடித்தது.

பாடாந்தரம் போல ஒரு பரம்பரை

கல்லிடைக்குறிச்சிக்காரர்களுக்குக் குரு பரம்பரையை விளக்க வேண்டியதில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைத் தமிழ் எழுத்தில் தொகுதி தொகுதியாக அச்சேற்றிய சுந்தரம் ஐயரும், கல்கத்தாவுக்குப் போய் அந்தப் பாடாந்தரத்தைக் கற்பித்த அனந்தகிருஷ்ண ஐயரும் இந்த ஊர்க்காரர்கள். யாரிடம் பாடம் கேட்டவர் என்பதுதான் இங்கே ஒரு வித்வானைப் பற்றிய முதல் கேள்வி. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்திலும் முதல் கேள்வி அதேதான்.

நெய்ஸ்மித்தின் சீடர் ஃபாக் ஆலன். கோச் வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன ஆலனிடம், “இந்த ஆட்டத்தை ஆடத்தான் முடியும், சொல்லிக்கொடுக்க முடியாது” என்ற பொருளில் குரு சொன்னதாக ஒரு கதை உண்டு. ஆலன் கேட்கவில்லை. கான்சாஸ் அணிக்கு மட்டும் 39 சீசன் கோச்சாக இருந்தார். ‘கூடைப்பந்துப் பயிற்சியின் தந்தை’ என்ற பட்டமே அவருக்குக் கிடைத்தது. ஆலனிடம் ஆடிய டீன் ஸ்மித், வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1961 முதல் 36 சீசன்களில் 879 வெற்றிகளைக் குவித்தார். மைக்கேல் ஜோர்டான் கல்லூரி மாணவனாக ஆடியது இவரிடம்தான்.

ஆனால் ஸ்மித்தின் மாணவர்கள் இன்றும் சொல்லிக்கொள்வது வேறொன்றை. 2015-ல் அவர் இறந்த சில வாரங்களில், அவரிடம் ஆடிய சுமார் 180 பேருக்கும் ஆளுக்கு 200 டாலர் காசோலை தபாலில் வந்தது. வெளியே போய் ஒரு நல்ல சாப்பாடு சாப்பிடச் சொல்லி, உயிலிலேயே ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தார்.

நெய்ஸ்மித்துக்கு இன்னொரு சீடர் உண்டு. ஜான் மெக்லெண்டன் கறுப்பினத்தவர். கான்சாஸில் உடற்கல்வி படிக்கலாம், ஆனால் பல்கலைக்கழக அணியில் ஆட முடியாது. வயதான நெய்ஸ்மித் அவருக்கு வழிகாட்டியாக நின்றார். 1936-ல் பட்டம் பெற்ற மெக்லெண்டன், வட கரோலினாவில் கறுப்பினத்தவருக்கான கல்லூரி ஒன்றில் கோச் ஆனார். பந்து கிடைத்த நொடியில் எதிர்முனைக்குப் பாயும் வேக ஆட்டத்தை அங்கே வளர்த்தெடுத்தார்.

1944 மார்ச் 12, ஞாயிறு காலை. டர்ஹாம் நகரமே தேவாலயத்தில் இருந்த நேரம். டியூக் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களின் வெள்ளையர் அணி ஒன்று, தலையை மூடிக்கொண்டு சுற்றுவழியில் காரில் வந்து மெக்லெண்டனின் ஜிம்னாசியத்துக்குள் நுழைந்தது. கதவைப் பூட்டினார்கள். இரு இனத்தவரும் சேர்ந்து ஆடுவதை அந்த மாகாணத்தின் வழக்கம் அனுமதிக்காத காலம் அது. மெக்லெண்டனின் பையன்கள் 88-44 என்று ஜெயித்தார்கள். அதன் பிறகு இரண்டு அணியையும் கலந்து இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். அரை நூற்றாண்டு கழித்து 1996-ல்தான் இந்தச் சேதி வெளியே வந்தது. யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்ற கட்டுப்பாட்டைப் பார்த்துவந்த நம் ஊர்களுக்கு, அந்தப் பூட்டிய கதவின் அர்த்தம் தானே விளங்கும்.

பக் துரையின் பள்ளிக்கூடம்

நம் பாதைக்கு வருவோம். ஹாரி குரோ பக் 1884-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். கூடைப்பந்து பிறந்த அதே ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் படித்தார். நெய்ஸ்மித் 1895-லேயே அங்கிருந்து கிளம்பிவிட்டதால் அவரிடம் நேரடியாகப் பாடம் கேட்டிருக்க வாய்ப்பில்லை. 1919-ல் ஒய்.எம்.சி.ஏ. அவரைச் சென்னைக்கு அனுப்பியது. 1920-ல் ஐந்தே மாணவர்களோடு உடற்கல்விப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் நந்தனத்தில், அடையாற்றங்கரையில் விரிந்த மைதானங்களோடு அது குடியேறியது. ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி என்று பெயர் பெற்ற ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி அதுதான்.

அதுவரை நம் பள்ளிகளில் இருந்தது டிரில். வரிசையில் நிற்க வைத்து, ‘லெஃப்ட், ரைட்’ சொல்லிக் கையைக் காலை ஆட்டவைப்பது. பிள்ளைகளுக்குத் தேவை ஆட்டம் என்றார் பக். கூடைப்பந்தும் வாலிபாலும் மட்டுமில்லை, கபடி போன்ற நம் மண்ணின் ஆட்டங்களுக்கும் எழுத்தில் விதிகள் தந்து பாடத்தில் சேர்த்தார். ‘வியாயாம்’ என்று ஓர் இதழ் நடத்தினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் குழுவுக்கு மேலாளராகப் போனார். 1943-ல் அவர் இறக்கும்போது, அவரிடம் படித்தவர்கள் நாடெங்கும் பள்ளி, கல்லூரி மைதானங்களில் விசிலோடு நின்றார்கள். அந்த மாணவர்களும் மாணவர்களின் மாணவர்களும்தான் பிற்பாடு மற்ற உடற்கல்விக் கல்லூரிகளுக்கும் அச்சாக இருந்தார்கள். காரைக்குடியில் அழகப்பா, திருச்செந்தூரில் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் என்று இன்று நம் பக்கத்துப் பி.டி. சார்களை உருவாக்கும் கல்லூரிகள் அந்த வழியில் வந்தவை.

பக் கட்டிய வேலையின் இலக்கணம் தெளிவானது. ஒரு கல்லூரியில் ஆயிரம் மாணவர்கள் இருந்தால் ஆயிரம் பேரும் ஏதாவது ஓர் ஆட்டம் ஆட வேண்டும். பன்னிரண்டு பேரைப் பொறுக்கியெடுத்து சாம்பியன் ஆக்குவது அந்த வேலையில் ஓர் ஓரம்தான். கான்சாஸில் நெய்ஸ்மித் செய்ததும் அதைத்தான். அமெரிக்கா அந்த இலக்கணத்தை விட்டு விலகிப் போனது. நாம் அதையே பிடித்துக்கொண்டோம். அதனால்தான் ஊருக்கு ஊர் கல்லூரிகளில் நமக்கு ஒரு பி.டி. சார் இருக்கிறார், கோச் இல்லை.

ரெண்டு எட்டுக்கு மேல வச்சா டிராவல்!

ஒரு மாவட்டக் கல்லூரியில் பி.டி. சாரின் அறை எப்படி இருக்கும்? மூலையில் ஈட்டி, குண்டு, சுருட்டிய வாலிபால் நெட். பக்கத்தில் டிராக் போடுவதற்குச் சுண்ணாம்புத்தூள் மூட்டை. வலைப்பையில் நிவியா, காஸ்கோ பந்துகள், பாதிக்கு மேல் சிமென்ட் தரையில் தேய்ந்து மொழுமொழுவென்று. மேசையில் காற்றடிக்கும் பம்பு, ஸ்டாக் ரிஜிஸ்டர், தகுதிச் சான்று படிவங்கள், ஆடிட் ஆட்சேபத்துக்குப் பதில் எழுத வேண்டிய பயணப்படி பில்கள். அவர் நாளில் பாதி அந்த மேசையிலேயே போய்விடும். மீதியைத்தான் அத்தனை ஆட்டங்களுக்கும் பங்கு வைக்க வேண்டும்.

கூடைப்பந்துக்கு இதில் இன்னொரு சங்கடம் உண்டு. கபடிக்குக் களம் போதும், வாலிபாலுக்கு இரண்டு கம்பம் போதும். கூடைப்பந்துக்கு 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் சமதளமான சிமென்ட் தரை, இரண்டு பக்கமும் போர்டு, ரிங் எல்லாம் வேண்டும். அதனால் அது பெரும்பாலும் டவுன் பள்ளிகளிலும் மிஷன் பள்ளிகளிலுமே தங்கிவிட்டது. ஆற்றங்கரைக் கிராமத்துப் பையன்கள் பலருக்கு முதல்முறை அந்தப் பந்து கைக்கு வருவது கல்லூரியில், பதினேழு வயதில்.

அந்த வயதில் வருகிறவனுக்கு லே-அப் சொல்லிக்கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் பந்தே தரமாட்டார்கள். ரிங்குக்கு வலப்பக்கம் தரையில் சாக்பீஸால் இரண்டு பாதம் வரைவார்கள். வலது கால், இடது கால், எம்பு. எம்பும்போது வலது முழங்கால் மேலே வர வேண்டும். கபடி ஆடிப் பழகிய கால் தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், எம்பாது. வாலிபால் ஆடியவன் இரண்டு காலையும் சேர்த்து எம்புவான். “ஏலே, ரெண்டு எட்டுக்கு மேல வச்சா டிராவல்லே!” என்ற சத்தம் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கேட்கும். கால் சரியாக விழ ஆரம்பித்த பிறகுதான் கையில் பந்து. போர்டில் வரைந்த சதுரத்தின் மேல் மூலையில் பட்டு விழ வேண்டும். இது கைவரவே வாரக்கணக்காகும். அதற்குள் ஊருக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். புரட்டாசி முடிந்து மழை பிடித்துக்கொண்டால் கூரையில்லாத தரையில் பாசி படரும், பயிற்சி படுத்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் நடுவில், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு அணி கொண்டுபோக வேண்டும். 1966-க்குப் பிறகு மதுரைப் பல்கலைக்கழகத்தின் கீழும், 1990 முதல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழும் இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் மோதுகின்றன. அதில் தேறுகிறவர்கள் பல்கலைக்கழக அணிக்கு, அங்கிருந்து தென்மண்டலப் போட்டிக்கு, அப்புறம் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்கு. ஏணி ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறது. முதல் படியில் தூக்கிவிடத்தான் ஆள் போதவில்லை.

வேலை கிடைச்சாச்சா?

அமெரிக்கக் கோச்சின் சாதனையை அளக்க ஒரு வெற்றிக் கணக்கு இருக்கிறது. பி.டி. சாருக்கு அப்படி ஏதும் கிடையாது. ஓய்வு பெறும் நாளில் எத்தனை ஆட்டம் ஜெயித்தார் என்று யாரும் சொல்வதில்லை. பாராட்டு விழா மேடையில் பழைய மாணவர்கள் ஒவ்வொருவராக ஏறி, தாங்கள் எந்த அலுவலகத்தில் இருக்கிறோம் என்று சொல்வார்கள். ஒருவர் தெற்கு ரயில்வே, ஒருவர் ஐ.சி.எஃப்., ஒருவர் காவல்துறை, இன்னொருவர் வங்கி. அதுதான் அவருடைய ஸ்கோர்போர்டு.

இதை ஏளனமாகப் பார்க்க ஒன்றுமில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைதான் தமிழ்நாட்டுக் கூடைப்பந்தைத் தாங்கி நிற்கும் தூண். பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடையில் மின்னொளியில் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கோ, கரூர், கோவைப் போட்டிகளுக்கோ போய்ப் பாருங்கள். ஜெர்சியில் இருப்பது ஐ.ஓ.பி., இந்தியன் வங்கி, வருமான வரி, சுங்கத்துறை, இந்தியக் கடற்படை, கேரள மின்வாரியம் என்று அலுவலகங்களின் பெயர்கள். தமிழக அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடம் இருக்கிறது. இந்த ஏற்பாட்டின் நல்ல பலனுக்கு அனிதா பால்துரை ஓர் எடுத்துக்காட்டு. சென்னையில் வளர்ந்து, தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர். 19 வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவர். 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப்களில் களமிறங்கினார். 2021-ல் பத்மஸ்ரீ. ஆண்கள் பக்கத்திலும் சோடை இல்லை. 2022-ல் சென்னையில் நடந்த தேசிய சீனியர் போட்டியில் தமிழ்நாடுதான் சாம்பியன்.

ஆனால் இந்த ஸ்கோர்போர்டுக்கு ஒரு குணம் உண்டு. வேலை கிடைத்ததும் அது நின்றுவிடும். அதற்கு மேல் ஆட்டக்காரனை வளர்க்கிற பொறுப்பு யாருடையது என்பதற்குப் பதில் இல்லை. தேசிய அளவில் அதன் விளைவு தெரிகிறது. இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக்கில் ஆடியது ஒரே ஒரு முறை, 1980 மாஸ்கோவில். அதுவும் பல நாடுகள் புறக்கணித்ததால் கிடைத்த இடம். ஓர் ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை.

மாவட்டத்துக்குள் விளைவு வேறு மாதிரி. நன்றாக ஆடும் உயரமான பையனை, ப்ளஸ் டூ முடிக்கும் முன்பே சென்னையின் பெரிய கல்லூரிகளும் தனியார் பல்கலைக்கழகங்களும் கொத்திக்கொண்டு போகின்றன. இலவச சீட், ஹாஸ்டல், சாப்பாடு, கூரை போட்ட மைதானம், முழுநேரக் கோச். பையனுக்கு அது நல்லதுதான். உள்ளூர்க் கல்லூரி மைதானத்தில் அவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ள அடுத்தவனுக்குத்தான் ஆள் இல்லாமல் போகிறது.

கோச் என்றால் நேரம்

கோச் என்ன செய்வார் பி.டி. சாரால் முடியாததை? படிப்பிலோ திறமையிலோ பெரிய வித்தியாசம் இருக்க வேண்டியதில்லை. வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது.

லாஸ் ஏஞ்சலீஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜான் வூடன் 1948-ல் கோச்சாகச் சேர்ந்தார். 12 ஆண்டில் 10 தேசியப் பட்டங்கள் வாங்கிய மனிதர் என்றுதான் உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அதில் முதல் பட்டம் வந்தது 1964-ல், அவருடைய 16-வது சீசனில். பதினைந்து சீசன் பொறுத்திருந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் முதல் நாள் பயிற்சியில் அவர் பந்தில் தொடங்கமாட்டார். சாக்ஸ் போடச் சொல்லிக்கொடுப்பார். குதிகாலிலும் சுண்டுவிரல் பக்கமும் சுருக்கம் விழாமல் இழுத்துவிட வேண்டும், சுருக்கம் இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் பயிற்சி போச்சு. ஒரே ஓர் ஆட்டத்தை மட்டும் கையில் வைத்திருப்பவருக்குத்தான் சாக்ஸ் வரைக்கும் போக நேரம் இருக்கும்.

பணம் இருந்தால் எல்லாம் நடக்கும் என்று சொல்லிவிடவும் முடியாது. டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கு 1974-ல் கோச்சான பேட் சம்மிட்டுக்கு அப்போது 22 வயது. மாதம் 250 டாலர். அணியின் ஜெர்சிகளைத் தானே துவைத்தார், வெளியூர் மேட்சுக்கு வேனைத் தானே ஓட்டினார். நம் பக்கத்துப் பி.டி. சார்களுக்கும் மேடம்களுக்கும் இந்தக் கதை அந்நியமாகத் தெரியாது. 38 ஆண்டுகளில் 1,098 வெற்றி, 8 தேசியப் பட்டம் என்று முடித்தார். கல்லூரிக் காலம் முழுவதும் அவரிடம் ஆடிய அத்தனை பேரும் பட்டப்படிப்பை முடித்தார்கள். பக் சொன்ன ஆசிரியர் வேலையும், கோச்சின் வெற்றிக் கணக்கும் ஒரே ஆளிடம் சேர முடியும் என்பதற்கு அவர் சாட்சி. ஒன்றே ஒன்றுதான் அவருக்கும் நம் மேடம்களுக்கும் வித்தியாசம். கபடி, வாலிபால், தடகளம் என்று அவர் தலையில் யாரும் கட்டவில்லை.

ஒரு ரயில் பாதை, ஒரு கோச்

நம் கல்லூரி ஒவ்வொன்றும் ஆட்டத்துக்கு ஒரு கோச் வைக்க முடியாது. அப்படிக் கேட்பதும் நியாயமில்லை. ஆனால் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி எல்லாம் ஒரே ரயில் பாதையில் இருக்கும் ஊர்கள். இந்தச் சுற்றுவட்டக் கல்லூரிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு கூடைப்பந்துக் கோச்சை நியமிக்கலாமே? திங்கள் இங்கே, செவ்வாய் அங்கே என்று அவர் சுற்றி வரட்டும். பி.டி. சார் ஆயிரம் பேரையும் ஆடவைக்கட்டும். அதில் தேறும் பன்னிரண்டு பேரைக் கோச் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆளுக்கும் பஞ்சமில்லை. பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் டிப்ளமோ முடித்தவர்கள் இருக்கிறார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போய், முப்பத்தைந்து வயதில் ஷூவைக் கழற்றிவிட்டு, ரயில்வேயிலும் வங்கியிலும் ஃபைல் பார்த்துக்கொண்டிருக்கும் முன்னாள் வீரர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அயல்பணியில் இரண்டு மூன்று ஆண்டு அனுப்பினால் போதும். கூடவே இந்தச் சுற்றுவட்டத்தில் ஏதாவது ஒரு மைதானத்துக்குக் கூரை. மழைக்காலத்திலும் பயிற்சி நிற்காது, பள்ளிக்கூடப் பையன்களும் சாயங்காலம் வந்து நிற்பார்கள். பதினேழு வயதில் தொடங்குகிற ஆட்டம் பதிமூன்றில் தொடங்கும்.

கூரைக்கு மட்டும் அரசு கை கொடுக்க வேண்டியிருக்கும். கோச்சுக்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. பல்கலைக்கழகமும் கல்லூரி நிர்வாகங்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசினால் அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம். ஆகும் செலவைக் கல்லூரிகள் பங்கு போட்டுக்கொள்ளலாம்.